வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுக் கடையை மாற்றுவது எப்படி? கிருஷ்ணகிரி, தர்மபுரி சிறு வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்துகொடுப்பது என் வேலை. மாதம் பிறந்ததும் பில் கட்டுகளோடு வருகிறவர்கள் கணக்கு முடிந்த பிறகும் எழுந்து போவதில்லை. "வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதைக் கேட்பது, எதை விடுவது?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஓட்டல், மாவு மில், புளி மண்டி, தையல் கடை, மாம்பழப் பெட்டி அனுப்புகிறவர் என்று தொழில் வேறாக இருந்தாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

என் கடையில் யாரும் குறையே சொல்வதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நம் பக்கத்து மக்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்குவார்கள். கடைக்காரர் தெரிந்தவராகவோ தூரத்து உறவாகவோ இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அடுத்த வாரத்திலிருந்து வேறு கடைக்குப் போவார்கள். வழியில் பார்த்தால் சிரித்துக்கொண்டே நலம் விசாரிப்பார்கள். வாய் திறக்காதவர்களின் கருத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

ஓட்டல்காரர்களிடம் நான் முதலில் சொல்வது, இலை எடுக்கிறவரிடம் பேசுங்கள் என்பதுதான். தர்மபுரியில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டின் கூட்டு மட்டும் வைத்தது வைத்தபடி இலையோடு போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலை எடுக்கும் அம்மாதான் சொன்னார்: பன்னிரண்டரை மணி இலைகளில் கூட்டு மிச்சமில்லை, இரண்டு மணி இலைகளில்தான் மிச்சம். பதினோரு மணிக்கே மொத்தமாகக் கிளறி வைத்த சுரைக்காய்க் கூட்டு இரண்டு மணிக்குள் நீர் விட்டு, பருப்பு தனியாகவும் காய் தனியாகவும் நின்றது. இரண்டு தவணையாகச் சமைத்தார்கள். பக்குவத்தில் எதுவும் மாறவில்லை, மிச்சம் நின்றுவிட்டது.

துணிக்கடையாக இருந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு மடிக்காமல் வைத்துவிட்டுப் போன துணி, மளிகையாக இருந்தால் பட்டியலில் எழுதி வந்து உங்களிடம் வாங்காமல் அடித்துவிட்டுப் போன வரி. எல்லாக் கடையிலும் இப்படி ஏதோ ஒன்று கண்ணெதிரே இருக்கும்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் "நன்றாக இருந்தது" என்றுதான் சொல்கிறார்கள். வேறு எப்படிக் கேட்பது?

அந்தக் கேள்வியைக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். அது மரியாதைக்குச் சொல்லும் பதில். கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். "போன வாரம் வாங்கிப்போன மாவில் என்ன செய்தீர்கள்? களியா, அடையா? எவ்வளவு மீதி இருக்கிறது?" என்று கேட்டால் மனிதர்கள் சரளமாகப் பேசுவார்கள். "அடைக்குச் சரியாக இருந்தது, களிக்குத்தான் வீட்டில் பழைய மாவையே போட்டார்கள்" என்று நடுவில் ஒரு சொல் விழும். தேடியது அதுதான்.

எங்கே, எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். கல்லாவில் கூட்டம் நிற்கும்போது கேட்டால் யாருக்கும் பிடிக்காது. போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது. அங்கே கடை போடுகிறவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. அதே முகங்கள் வாராவாரம் வரும், போன வாரச் சரக்கைப் பற்றி இந்த வாரம் கேட்டுவிடலாம். நிலையான கடை வைத்திருப்பவர்கள், வழக்கமாக வந்து சில வாரங்களாகக் காணாமல் போனவருக்கு ஒரு போன் செய்து பார்க்கலாம். விற்பதற்காகப் பேசவில்லை என்பதைக் குரலிலேயே காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது முறை எடுக்க மாட்டார்கள்.

கேட்டதை எல்லாம் எழுதி வைக்க வேண்டுமா? அதற்கென்று செயலி ஏதாவது வாங்கலாமா?

எழுத வேண்டும். செயலி வேண்டாம், கோடு போட்ட நோட்டு போதும். தேதி, என்ன பொருள், எந்த நேரம், புதியவரா பழையவரா, அவர் சொன்னது. கடைசியில், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு ஒரு கட்டம் விட்டுவையுங்கள்; அந்தக் கட்டம் மாதக்கணக்கில் காலியாகவே இருந்தால் நோட்டு போடுவதில் பொருளில்லை.

அவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். "தரம் சரியில்லை" என்று சுருக்கிவிட்டால் ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது ஒன்றும் புரியாது. "மூன்றாம் நாள் காரல் வாடை வந்தது" என்று எழுதியிருந்தால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

எத்தனை பேர் சொன்னால் மாற்றத்தில் இறங்கலாம்?

விஷயத்தைப் பொறுத்தது. சாப்பிட்டவருக்கு வயிறு சரியில்லை, எண்ணெயில் வாடை, பாக்கெட்டில் வண்டு, எடை குறைவு: இவற்றில் ஒருவர் சொன்னால் போதும், அன்றைக்கே பாருங்கள். இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

காரம், இனிப்பு, நிறம், பாக்கெட் அழகு போன்ற விருப்பம் சார்ந்த விஷயங்களில் அவசரமே வேண்டாம். ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத சிலர் ஒரே குறையைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒரே தெருவைச் சேர்ந்த நாலு பேர் சொல்வது பெரும்பாலும் ஒருவர் சொன்னதுதான்.

ஒருவர் சாம்பார் தித்திக்கிறது என்கிறார், அடுத்தவர் காரம் தாங்கவில்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓட்டல்களில் இது தீராத கதை. பெங்களூரிலிருந்து சென்னைக்கும் சேலத்துக்கும் போகிற வண்டிகள் இரண்டும் இந்த ஊரைத் தொட்டுத்தான் பிரிகின்றன. காலையில் கர்நாடகப் பதிவெண் கார்கள் நிற்கும். அவர்களுக்கு வெல்லம் தொட்ட சாம்பார் பழக்கம். மதியம் வருகிறவர்கள் உள்ளூர் அலுவலகத்தாரும் லாரிக்காரர்களும். அவர்கள் நாக்கு வேறு.

பலர் செய்வது என்னவென்றால், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பார் வைப்பார்கள். அது இரு தரப்பாருக்கும் பிடிக்காது. இங்கே யார் சொன்னது சரி என்ற கேள்விக்கே இடமில்லை, யார் எப்போது சொன்னார் என்பதுதான் கேள்வி. நோட்டில் நேரம் எழுதச் சொன்னது இதற்காகத்தான். காலை டிபனுக்கு ஒரு பக்குவம், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பக்குவம் என்று பிரிக்க முடியுமானால் பிரியுங்கள். முடியாவிட்டால் சாம்பாரை மிதமாக வைத்துவிட்டு, மேசையில் காரச் சட்னியைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடலாம். அதுவும் முடியாது, இடமில்லை, ஆளில்லை என்றால் எந்தக் கூட்டம் உங்கள் வாடகையைக் கட்டுகிறது என்று பில்லைப் பார்த்து அவர்கள் பக்கம் சாயுங்கள். மற்றவர் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அவர்களே தீர்வும் சொல்லிவிடுகிறார்கள். அதை அப்படியே செய்துவிட்டால் என்ன?

குறை சொல்கிறவர் தன் கஷ்டத்தைப் பற்றிச் சொல்வதில் பொய் இருக்காது. ஆனால் உங்கள் மில்லைப் பற்றியோ அடுப்பைப் பற்றியோ அவருக்கு என்ன தெரியும்? மருந்தையும் அவரே எழுதிக் கொடுத்தால் பணிவாக வாங்கி வைத்துக்கொண்டு, நோயை மட்டும் விசாரியுங்கள்.

கேழ்வரகு நம் இரு மாவட்டங்களின் பயிர். ராகி மாவு போட்டு ஓசூர், பெங்களூரு பக்கம் அனுப்புகிற சிறு யூனிட்டுகள் இங்கே நிறைய. அவர்களுக்கு அடிக்கடி வரும் புகார், "களி கட்டி கட்டியாக வருகிறது, மாவை இன்னும் நைசாக அரையுங்கள்" என்பது. இதைக் கேட்டுச் சல்லடையை மாற்றி, மாவை மைதா மாதிரி அரைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. கட்டி நிற்கவில்லை. கொஞ்சம் கூடியது என்றுகூடச் சொன்னார்கள்.

"எப்படிக் கிண்டுகிறீர்கள்?" என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். நம் வீடுகளில் நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, கொதிக்கும்போது மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கிளறாமல் மூடி வைத்து ஆவியில் வேகவிட்டு, பிறகுதான் களிக்கட்டையைப் போட்டு அடித்துக் கிண்டுவார்கள். அடுக்குமாடி வீட்டில் முதன்முதலாகச் செய்கிறவர் வெறும் கொதிநீரில் மாவைத் தூவித் தூவிக் கரண்டியால் கிளறுவார். எவ்வளவு நைசாக இருந்தாலும் கட்டி தட்டத்தான் செய்யும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் செய்முறையை நாலு வரி அச்சடித்தவர்களுக்கு அந்தப் புகார் அடங்கியது. மில்லில் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை.

கம்பு மாவில் இதற்கு நேர்மாறு. "கசக்கிறது" என்று புகார் வந்தால், வீட்டில் சரியாக வைத்திருக்க மாட்டார்கள் என்று வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுவது வழக்கம். கேழ்வரகில் கொழுப்பு 1.5 சதவீத அளவில்தான் இருக்கிறது, கம்பில் ஏறக்குறைய 5 சதவீதம். அரைத்தவுடன் அந்தக் கொழுப்பு சிதையத் தொடங்கும். ராகி மாவு தாங்கும் நாட்களைக் கம்பு மாவு தாங்காது. இரண்டுக்கும் ஒரே பாக்கெட், ஒரே கெடு தேதி போட்டால் புகார் வரத்தான் வரும். கம்பை லேசாக வறுத்து அரைப்பது, அரைக் கிலோ பாக்கெட்டாகச் சிறிதாக்குவது, அரைத்த தேதியைப் பெரிதாகப் போடுவது, இவை நம் பக்கம் செய்ய வேண்டியவை. இங்கே திருந்த வேண்டியவர் நாம்.

குறை உண்மைதான், ஆனால் காரணம் என் கையில் இல்லை. என்ன செய்வது?

முதலில் உண்மையிலேயே கையில் இல்லையா என்று பாருங்கள். மாம்பழப் பெட்டி அனுப்புகிறவர்களுக்கு மே, ஜூன் மாதங்களில் வரும் ஒரே புகார், "பழம் உள்ளே கெட்டிருக்கிறது". இந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன.

அதனால் பழத்தைக் கொட்டை தெரிய அறுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காம்பைச் சுற்றிக் கருத்து உள்ளே இறங்கியிருந்தால் அது காம்பழுகல். பறிக்கும்போது காம்பை ஒட்ட உடைத்ததையும், பழம் அடிபட்டதையும், ஈரத்தோடு கட்டியதையும் பாருங்கள். கொட்டையிலிருந்து சதையைத் துளைத்துக்கொண்டு வழி தெரிந்தால் கொட்டை வண்டு. நீலம் போன்ற ரகங்களில் இது அதிகம், தோப்பில் சரிசெய்ய வேண்டிய விஷயம். தோல் பளபளவென்று இருந்து, கொட்டையை ஒட்டிய சதை மட்டும் வெளிறிப் பஞ்சு மாதிரி இருந்தால் அது அல்போன்சாவுக்கே உரிய கோளாறு. வெளியிலிருந்து எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் தெரியாது. தரைச் சூடு இதைக் கூட்டுகிறது. நன்றாக முற்றும் வரை மரத்தில் விடாமல் சற்று முன்னதாகப் பறிப்பதும், பறித்த காயைச் சூடான மண்ணில் குவிக்காமல் இருப்பதும், மரத்தடியில் மூடாக்குப் போடுவதும் ஓரளவு குறைக்கும். முழுதாகத் தடுக்காது.

கையில் இல்லாத அந்த மிச்சத்துக்கு ஒரே வழி, முன்கூட்டியே சொல்லிவிடுவது. "அல்போன்சாவில் சில பழங்கள் இப்படி வரலாம், அறுத்த படம் அனுப்பினால் அந்தப் பழத்துக்குப் பணம் திரும்பத் தருவோம்" என்று பெட்டிக்குள் ஒரு சீட்டு. ஏமாற்றிவிட்டான் என்று நினைக்க வேண்டியவர் படம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். அந்தச் செலவை விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எல்லோரும் "விலை அதிகம்" என்கிறார்கள். குறைத்துவிடலாமா?

விலை அதிகம் என்று சொல்லாத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை, நானும் கடைக்குப் போனால் அதைத்தான் சொல்கிறேன். சொல்லிவிட்டு வாங்கிப்போகிறாரா, வைத்துவிட்டுப் போகிறாரா என்பதுதான் கேள்வி. வாங்கிப்போகிறார் என்றால் அது பேரம், புகார் அல்ல.

வைத்துவிட்டுப் போனால் எதோடு ஒப்பிடுகிறார் என்று விசாரியுங்கள். புளியை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம், கிருஷ்ணகிரி பக்கம் மாசி, பங்குனியில் புதுப்புளி வருகிறது. கொட்டை எடுத்த புளியை, கொட்டையோடு இருக்கும் புளி விலையோடு ஒப்பிட்டு "இவ்வளவா?" என்று கேட்பவருக்கு விலையைக் குறைத்துப் பயனில்லை, கொட்டையும் நாரும் போனால் கிலோவில் எவ்வளவு நிற்கும் என்று தராசில் ஒருமுறை போட்டுக் காட்டினால் போதும். ஐப்பசியில் வந்து "கருப்பாக இருக்கிறது, இதற்கு இந்த விலையா?" என்று கேட்பவர் விஷயம் வேறு. புளி நாளாக நாளாகக் கருக்கும், குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும், கிடங்குக்கு வாடகை உண்டு. ரசத்துக்குப் பழைய புளிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சிவப்புப் புளி ஒரு விலை, கருத்த புளி ஒரு விலை என்று இரண்டு தட்டாக வைத்துவிடுங்கள். இரண்டையும் கலந்து ஒரே விலை போட்டால்தான் சண்டை.

விற்பனை இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரு புகாரும் இல்லை. எங்கே தப்பு?

தப்பு உங்கள் கடைக்குள் இல்லாமலும் இருக்கலாம். 2023-இல் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வெறும் தானியமாக விற்றுக்கொண்டிருந்தவர்கள் தரத்தைக் கூட்டியும் விலையைக் குறைத்தும் பார்த்தார்கள். வீட்டில் தானியம் இருப்பவருக்கு அது எதற்கு? அதே ஆட்களுக்குத் தானியத்தைக் கழுவி, முளைகட்டி, அரைத்துக் கொடுக்கும் வேலைதான் தேவைப்பட்டது. மில் வைத்திருந்தவர்களுக்கு அரவைக் கூலியில் அந்த வியாபாரம் திரும்பியது.

வாங்காமல் போனவரிடம் "எங்கள் பொருளில் என்ன குறை?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார், அது உண்மையும்கூட. "இப்போது இதை எங்கே வாங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தமிழ் படிக்காதவர்கள் நிறைய வருகிறார்கள். கருத்துப் படிவத்தை எத்தனை மொழியில் அடிப்பது?

படிவமே வேண்டாம். தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள், கிருஷ்ணகிரி நகரில் உருது பேசுகிறவர்கள், சிப்காட் வேலைக்கு வந்த இந்திக்காரர்கள், இவர்கள் எல்லோரும் தமிழில் பேரம் பேசுவார்கள். எழுதச் சொன்னால் ஒதுங்கிவிடுவார்கள். படிவத்தை மட்டும் நம்பினால் தமிழ் எழுதத் தெரிந்தவர்களின் கடையாக உங்கள் கடை மாறிவிடும். கடையில் அந்த மொழி பேசும் பையனோ பெண்ணோ இருந்தால் அவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.

வேலையாட்கள் புகாரை என்னிடம் சொல்வதில்லையே?

சொன்னால் திட்டுவீர்கள் என்று பயம். புகாரைக் கொண்டுவந்தவரையே "நீ என்ன செய்தாய்?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிற கடையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

கூகுளில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விட்டார். நீக்க முடியுமா?

பிடிக்கவில்லை என்பதற்காக நீக்க முடியாது. ஆபாசம், மிரட்டல், சம்பந்தமில்லாத பதிவு, போலி என்று கூகுளின் விதிகளை மீறியிருந்தால் முறையிடலாம், முடிவு அவர்களுடையது. ஆகவே பதில் எழுதுவதுதான் வழி. அந்தப் பதில் அவருக்காக எழுதப்படுவதில்லை, நாளை உங்கள் கடையைத் தேடிப் படிக்கப்போகும் ஆளுக்காக எழுதப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

தையல் கடைக்காரர் ஒருவர் எழுதிக்காட்டியது: "நீங்கள் எங்களிடம் துணியே கொடுக்கவில்லை, போட்டிக் கடைக்காரர் தூண்டிவிட்டு எழுதியிருக்கிறீர்கள்." அடித்துவிட்டு இப்படி எழுதச் சொன்னேன்: "தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் சில ரவிக்கைகளைச் சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை. உங்களுடையதும் அதில் ஒன்று என்றால் வருந்துகிறோம். பில்லோடு வந்தால் கூலியில் கழித்துக்கொள்கிறோம். இனி பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுகிறோம்." கடைசி வாக்கியத்தை எழுதினால் கடைப்பிடிக்க வேண்டும். அவருக்குக் கை நடுங்கியது, பண்டிகை வார வசூல் அல்லவா. ஆனால் அந்தக் கடைக்கு வந்த புகார்களில் முக்கால்வாசி அந்தப் பத்து நாள் துணிகளைப் பற்றியவைதான்.

அப்படியானால் தெரிந்தவர்களைச் சொல்லி ஐந்து நட்சத்திரம் போடவைக்கலாம் அல்லவா? நட்சத்திரம் போட்டால் ஒரு டீ இலவசம் என்று?

இரண்டும் கூடாது. பரிசோ தள்ளுபடியோ கொடுத்து மதிப்புரை வாங்குவதைக் கூகுள் விதிகள் தடுக்கின்றன. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எழுதச் சொல்வதும் விதிமீறல்தான். இணைய மதிப்புரைகளைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையையே கொண்டுவந்திருக்கிறது. விதியை விடுங்கள்: உங்கள் மச்சான் போட்ட ஐந்து நட்சத்திரத்தைப் படித்து உங்கள் கடையில் எதை மாற்றப் போகிறீர்கள்?

"எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா, பத்துக்கு எத்தனை?" என்று மதிப்பெண் கேட்கிறார்களே, நாமும் கேட்கலாமா?

2003-இல் பிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் முன்வைத்த முறை அது. 9, 10 கொடுப்பவர்கள் ஆதரவாளர்கள், 0 முதல் 6 வரை கொடுப்பவர்கள் எதிர்ப்பாளர்கள். முன்னவர் சதவீதத்திலிருந்து பின்னவர் சதவீதத்தைக் கழிப்பார்கள். ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது உதவலாம். நீங்கள் இருபது பேரிடம் கேட்டால், அன்றைக்குத் தலைவலியோடு வந்த ஒரே ஒருவர் 9-க்குப் பதில் 6 போட்டதில் உங்கள் மதிப்பு 10 புள்ளி சரிந்துவிடும். இருபது பேரோடு உட்கார்ந்து பேச முடியும்போது எண் எதற்கு?

மாற்றம் செய்துவிட்டேன். பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாக்கெட், விலை, எண்ணெய் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு விற்பனை ஏறினால் எதனால் என்று யாருக்கும் தெரியாது. இறங்கினால் எதைத் திருப்பிப் போடுவது என்றும் தெரியாது.

அடுத்து, போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். ஆடியில் துணிக்கடை விற்பனை ஏறியதற்கும், மாம்பழப் பருவத்தில் அட்டைப்பெட்டிக் கடை நிற்க நேரமில்லாமல் ஓடியதற்கும், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வழியிலிருக்கும் டீக்கடை நிரம்பியதற்கும் உங்கள் மாற்றம் காரணமில்லை. போன வருடம் இதே மாதத்தைப் பாருங்கள். மொத்த விற்பனையைவிட, மாற்றிய அந்த ஒரு பொருளை அதே ஆள் மறுபடி வாங்குகிறாரா என்று பாருங்கள். பில்லில் பெயரோ போன் எண்ணோ போடுகிற பழக்கம் இருந்தால் இது ஒரு மாலை நேர வேலை.

புகார் சொன்னவருக்குத் தகவல் சொல்லவும் மறக்காதீர்கள். "நீங்கள் சொன்னதற்காகத்தான் அரைத்த தேதி பெரிதாகப் போட்டிருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை. அவர் அதை நாலு பேரிடம் சொல்வார்.

எந்தக் கருத்தைக் கேட்கவே கூடாது?

கடன் மறுத்ததற்காகக் கடை சரியில்லை என்பவர் பேச்சை. பில் வேண்டாம், வரியைக் கழித்துக் கொடு என்பவர் பேச்சை. இதைச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்கு அழகில்லை. "பழம் மஞ்சளாக இல்லை, நாளைக்கே பழுக்க வேண்டும்" என்று நெருக்குபவருக்காகக் கார்பைடு கல்லைத் தொடாதீர்கள், அது உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடைசெய்யப்பட்டது. பழுக்கவைக்க எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) வரை முறைப்படி பயன்படுத்த அனுமதி இருக்கிறது. அதற்கு வசதியில்லை என்றால், வைக்கோலில் வைத்து எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிக் காயாகவே விற்றுவிடலாம்.

வாடிக்கையாளர்களின் எண்களை வைத்து வாட்ஸ்அப்பில் கருத்துக் கேட்கலாமா?

கேட்கலாம், அவர்களிடம் சொல்லி எண் வாங்கியிருந்தால். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. எல்லோரையும் ஒரே குழுவில் போடாதீர்கள். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், ஒருவர் புகார் எல்லோர் புகாராகும். ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) அனுப்பினால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். யாருக்கெல்லாம் போகவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

சமாதானம் ஆகாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்கிறார். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், அவர் பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. பலர் அதற்கு முன்பே 1915 என்ற தேசிய உதவி எண்ணில் அழைத்துவிடுவார்கள். அங்கிருந்து வரும் கடிதத்துக்குப் பதில் போட்டால் பெரும்பாலும் அதோடு தீரும். ஆணையத்திலிருந்தே நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் கேட்கலாம், அதற்குமேல் இல்லை.

இதற்குள் மூன்று வேலைகளை முடித்துவையுங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் கழற்றுங்கள்; குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது அந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறை. பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படியே. பாக்கெட் போட்டு விற்கிறீர்கள் என்றால் புகாருக்கு அழைக்க வேண்டியவரின் பெயர், முகவரி, போன் எண், மின்னஞ்சல் அதில் அச்சாகியிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பாக்கெட் பொருள் விதிகள் கேட்பது இது. பல பாக்கெட்டுகளில் எடுக்கவே படாத பழைய எண் இருப்பதைப் பார்க்கிறேன். இன்று மாலை உங்கள் பாக்கெட்டில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.